எழுமலைக் கிணறுகளின் முதல் அளவு

‘உங்கள் லினக்ஸ் வகைக்கு ஆதரவு இல்லை.’ கல்லூரி ஆய்வகத்தில் மூன்றாம் முறையாக அந்தச் சிவப்பு வரி திரையில் வந்து நின்றபோது, எங்கள் துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மேடம் என் பின்னால் நின்றிருந்தார். எழுமலைப் பக்கத்துக் கிணறுகளில் கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடும் நிரல் ஒன்றை அவர் எழுதியிருந்தார். அவருடைய முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவது கம்பைலர். அதை நிறுவித் தரச் சொல்லி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆய்வகக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸில் பல வகை உண்டு; அந்த வகையை ஏற்றியவனும் நான்தான். பழைய கணினிகளில் இலேசாக ஓடக்கூடியதாக, மதுரையில் வேறு யாருக்கும் தெரியாததாகத் தேடிப் பிடித்திருந்தேன். துறைத் தலைவர் முதல் கேன்டீன்காரர் வரை அதன் பெருமையைக் கேட்காத காது கிடையாது. அதை அழித்துவிட்டு ஊரெல்லாம் வைத்திருக்கிற ஒன்றை ஏற்றுவதா? கம்பைலரை நிறுவும் நிரல், கணினியில் உள்ள ஒரு சின்னக் கோப்பைத் திறந்து, இது எந்த லினக்ஸ் என்று பெயரை மட்டும்தான் பார்க்கும். அந்தப் பெயரை அழித்து, ஆதரவுள்ள வேறொன்றின் பெயரை எழுதி வைத்தேன். மறுபேச்சில்லாமல் நிறுவிக்கொண்டது. “அம்புட்டுத்தான் மேடம்” என்றேன். கணக்கு சரியாக வருகிறதா என்று முடிவில் கம்பைலர் தானே ஓட்டிப் பார்த்த சோதனைகளில் இரண்டு தோற்றிருந்தன. அவர் பார்ப்பதற்குள் திரையை மாற்றிவிட்டேன்.

பங்குனியில் மேடம் எழுமலை போய் நாற்பது கிணறுகளை அளந்து நோட்டில் எழுதி வந்தார். மழை பொய்த்த வருஷம். நிரல் சொன்ன ஆழத்துக்கும் நோட்டில் இருந்த ஆழத்துக்கும் ஒரு முழம், இரண்டு முழம் வித்தியாசம் வந்தது. நெறியாளர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அளந்ததுலதாம்மா கோளாறு” என்று முடித்துவிட்டார். அன்று மாலை மேடம் வராந்தாவில் நின்று தன் அம்மாவிடம் போனில் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மொழி தெரியாது. அழுகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

எனக்கு அந்த இரண்டு சோதனைகளும் ஞாபகத்துக்கு வந்தன. கோரிப்பாளையத்தில் என் வீட்டு லேப்டாப்பில் ஆதரவுள்ள லினக்ஸ் இருந்தது. அதில் அதே கம்பைலரைப் போட்டு நிரலை ஓட்டினேன். நோட்டில் இருந்த அளவுகளோடு விரற்கடை பிசகாமல் பொருந்தியது. மேடம் சரியாகத்தான் அளந்திருக்கிறார். மறுநாள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் முந்திக்கொண்டார். “திரும்ப அளக்கப் போறேன் தம்பி. டேப்பப் பிடிக்க ஒரு ஆள் வேணும், வாரீங்களா?” என்றார். வாரேன் என்றேன். இதைவிடக் கேவலம் உண்டா என்று இன்றும் தெரியவில்லை.

அதற்குள் ஒரு கோடைமழை பெய்து கிணறுகளில் தண்ணீர் ஏறியிருந்தது. குண்டு கட்டிய டேப்பை இறக்கும்போது தோட்டத்துக்காரர் ஒருவர் சிரித்தார். “ஏத்தா, போன மாசந்தான அளந்துட்டுப் போனீக? அதுக்குள்ள கெணறு எந்திருச்சு ஓடிப்போச்சாக்கும்?”

“கெணறு இருக்கு ஐயா. நான்தான் தப்பா அளந்துட்டேன்” என்றார் மேடம்.

டேப்பின் மறுமுனை என் கையில் இருந்தது. சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வெயிலில் அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. நாற்பது கிணறுகளிலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சித்திரைத் திருவிழா விடுமுறையில், ஆளில்லாத ஆய்வகத்தில், அவருடைய கணினியில் மட்டும் ஆதரவுள்ள லினக்ஸை ஏற்றி, கம்பைலரை மறுபடி நிறுவினேன். கேட்டபோது சின்ன அப்டேட் என்றேன். பெய்த மழையையும் கணக்கில் சேர்த்து ஓட்டியபோது, புது அளவுகளோடு நிரல் அப்படியே பொருந்தியது. மேடம் துறையில் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கித் தந்தார். பிறகு ஸ்கேல் வைத்து நோட்டின் பழைய பக்கத்தைக் குறுக்காக அடித்து, ‘அளவுப் பிழை’ என்று ஓரத்தில் எழுதினார். அந்த வறட்சியில் எழுமலையில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதற்கு இருந்த ஒரே கணக்கு அது. ஆய்வேட்டில் அது இடம்பெறவில்லை. பட்டம்தான் கிடைத்துவிட்டதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இப்போது மேடம் எங்கள் கல்லூரியிலேயே பாடம் எடுக்கிறார். போன வாரம் புரொஜெக்டர் மக்கர் பண்ணுகிறது என்று அவர் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். சரிசெய்ததும் திரையில் அந்த நோட்டுப் பக்கம் விழுந்தது, குறுக்குக் கோட்டோடு. நான் கம்பியைச் சுற்றிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

“மெஷின் பொய் சொல்லாது. மொதல்ல உங்களச் சந்தேகப்படுங்க” என்று மேடம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “நானே நாப்பது கெணத்தத் தப்பா அளந்தவதான். இந்தா, சார் நிக்கிறாரு. அன்னைக்குக் கூட வந்தாரு, வேணும்னா கேட்டுப் பாருங்க.”

வகுப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

“ஆமா” என்றேன்.