ரப்பர் நிரையில் நின்ற ஆள்

நான் பிடிவாதக்காரன். ஒரு பொருளில் குறை தெரிந்துவிட்டால் அதைப் பிரித்துப் போடாமல் விடமாட்டேன். செண்டாயான் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். சும்மா இருக்க முடியாமல் ஒரு பழைய இரட்டைக் கேமராவை வாங்கினேன்.

அதற்கு இரண்டு லென்ஸ். அகலமான பிலிமில் ஒரே நேரத்தில் இரண்டு படம் விழும், இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று. இரண்டு பூதக்கண்ணாடி பொருத்திய பெட்டியில் அவற்றை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் செருகிப் பார்த்தால், மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி நிற்கும். நடுவில் நடந்து போகலாம் போலிருக்கும்.

வாங்கியபோது கேமராவின் உட்சுவர் பளபளத்தது. வெளிச்சம் அதில் பட்டுச் சிதறிப் படத்தை வெளுக்க வைத்தது. மனைவி ரவிக்கை தைத்து மிஞ்சிய கறுப்பு வெல்வெட்டை வெட்டி உள்ளே ஒட்டினேன். இரண்டு ஷட்டரும் ஒன்றாகத் திறக்கப் புதுக் கம்பி போட்டேன்.

எனக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி உண்டு. கேமரா தயாரான அன்றுதான் கிளினிக்கில் கண் பரிசோதனைக்குத் தேதி.

"ஏங்க, செக்கப்புக்குப் போகலியா?" என்றாள் மனைவி.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு லா. வெயில் இப்படி இன்னொரு நாள் கிடைக்குமா?"

பெடாஸ் பக்கத் தோட்டத்துக்கு மோட்டாரில் போனேன். முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் நாலைந்து நிரை ரப்பர் இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு ரோல் முழுக்க அங்கேயே எடுத்தேன்.

கோலாலம்பூரில் கழுவி, பிலிம் தபாலில் வந்தது. பெட்டியில் செருகி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நிரைகளுக்கு நடுவே ஓர் ஆள் நின்றார். முகமில்லை, வெறும் கறுப்பு. அன்று அங்கே யாருமே இல்லை. அடுத்த மரத்தைப் பார்த்தேன், அங்கே நின்றார். கோயில் வாசலைப் பார்த்தேன், அங்கேயும் வந்துவிட்டார்.

ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடப்பக்கப் படத்தில்தான் அவர் இருந்தார். இடது லென்ஸுக்குப் பின்னால் வெல்வெட் உரிந்து தொங்குகிறது என்று முடிவு கட்டினேன். உரிந்திருக்கவில்லை. இருந்தும் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன்.

"சாமியக் கேக்காம படம் புடிச்சா இப்படித்தான் லா," என்றாள் மனைவி. எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் இரண்டாம் முறை அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் சுருட்டைப் பற்றவைத்துப் படையலில் வைத்தாள். நானும் கும்பிட்டேன். பயந்துதான் கும்பிட்டேன்.

இரண்டாவது ரோலிலும் அவர் வந்தார். முன்பைவிடப் பருமனாக இருந்தார். சுருட்டு வாங்கிக்கொண்டும் இந்த ஆள் போகவில்லையே என்று முனியாண்டியையே திட்டினேன். இடது லென்ஸைக் கழற்றித் துடைத்தேன், ஷட்டரைப் பிரித்து மாட்டினேன். அதற்குள் கிளினிக்கிலிருந்து இன்னொரு தேதி வந்து அதுவும் போயிற்று.

மூன்றாவது ரோல் வந்த மத்தியானம் மனைவியிடம் பெட்டியை நீட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"எங்க ஆளு? சுத்தமா இருக்கே."

"இடப்பக்கம் பாரு."

"பாத்துட்டேங்க. ஒன்னுமில்ல."

அவளுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று பெட்டியைப் பிடுங்கினேன். குறை பிலிமில்தான் என்று காட்ட, இரண்டு படங்களையும் இடம் மாற்றிச் செருகினேன். இடப்பக்கப் படம் வலப்பக்கம் போனால் அந்த ஆளும் கூடவே போக வேண்டும். அப்படி மாற்றினால் ஆழமும் தலைகீழாகிவிடும். கோயில் பள்ளமாக உள்ளே குழிந்தது, பின்னாலிருந்த வானம் மரங்களுக்கு முன்னால் வந்து தொங்கியது. எல்லாமே இடம் மாறியிருந்தன.

அவர் மட்டும் மாறவில்லை. இடப்பக்கத்திலேயே நின்றார்.

பெட்டியைக் கீழே வைத்தேன். வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தேன். சேலை தெரிந்தது, மடியிலிருந்த கைகள் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் நின்றார்.

"என்னங்க, அப்படிப் பாக்குறீங்க?" என்று அவருக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.