எல்லாரையும் கேட்டாச்சா?

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் சர்க்கார். கிண்டலுக்கு வைத்ததுதான். சர்க்காரே வேண்டாம் என்று சொல்லித் திரிகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? தொழில், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவது. தெருமுனையில் சின்னக் கடை. உள்ளே நுழைந்தாலே வார்னிஷ் வாடை, செம்புக் கம்பிச் சுருள்கள், மேஜை நிறையக் கழற்றிப் போட்ட மோட்டார்கள். அந்த வேலையை மட்டும் பார்த்திருந்தால் நான் ஏன் இப்படி வயிறெரிந்து பேசப்போகிறேன்?

சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"மேல ஒருத்தன் உக்காந்து கீழ எல்லாரையும் ஆட்டிவைக்கிறதுக்குப் பேரா ஆட்சி? ஒவ்வொரு வீடும் தன்னைத்தானே ஆண்டுக்கிட்டா, ஒவ்வொரு தெருவும் தன்னைத்தானே ஆண்டுக்கிட்டா, லத்தி எதுக்கு, ஜெயில் எதுக்கு?"

"முதல்ல தட்டுல இருக்கிறதை ஆளுங்க. ஆறிப்போகுது" என்பேன்.

பேச்சோடு நின்றிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு குடும்பம் நடத்தியிருப்பேன். மனிதர் அதை எங்கள் கட்டடத்திலேயே நடத்திக் காட்டக் கிளம்பினார். முன்பு செக்ரட்டரி என்று ஒருவர் இருந்தார். மோட்டார் ரூம் சாவியை இடுப்பை விட்டு இறக்கமாட்டார். அவரை எதிர்த்து வாயைத் திறந்தால் அந்த மாடிக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. அவர் வீடு மாறிப் போனதும், புதுச் செக்ரட்டரி யார் என்று எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் எழுந்து போய் அந்தச் சாவியைப் படிக்கட்டின் கீழே ஒரு ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

"செக்ரட்டரியே வேண்டாம். ஒரு மாடிச் சமாச்சாரத்தை அந்த மாடிக்காரங்களே பாத்துக்கட்டும். எல்லாருக்கும் பொதுவானதுன்னா மொட்டை மாடியில உக்காந்து பேசுவோம். ஒருத்தர் முடியாதுன்னாலும் முடிவு இல்ல. அபராதம் கிடையாது, தண்ணிய நிறுத்துறது கிடையாது, யார் மேலயும் கை வைக்கிறது கிடையாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது என்ன? மோட்டாரைப் போட்டவர்கள் அணைக்க மறந்தார்கள். மோட்டார் எரிந்தது. இவர் ராப்பகலாக உட்கார்ந்து சும்மா காயில் கட்டிக் கொடுத்தார். திரும்பவும் எரிந்தது. திரும்பவும் கட்டினார். படிக்கட்டில் ஒரு பல்பு மாட்டுவதற்கு எத்தனை கூட்டம்! ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதைதான். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் இவர் எழுந்து நின்று, "எல்லாரையும் கேட்டாச்சா?" என்பார். "கேட்டாச்சு, கேட்டாச்சு, ஆளை விடுங்க" என்று எல்லாரும் எழுந்து ஓடுவார்கள். போகப்போக அவரவர் மாடிக்கு முறை போட்டுக்கொண்டு மோட்டாரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்கள், அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

அப்போதுதான் மூன்றாம் மாடி லாரிக்காரர் வினையாக வந்து சேர்ந்தார். காலங்காத்தாலே தொட்டியிலிருந்து ஹோஸ் இழுத்து, தெருவில் நிறுத்தியிருந்த லாரியைக் கழுவினார். கட்டடமே முகம் கழுவத் தண்ணீர் இல்லாமல் நின்றது. கீழ்வீட்டுத் தையல்காரர் வாசலில் நின்று கத்த, என் வீட்டுக்காரர் மட்டும் வழக்கம்போலச் சிரித்த முகத்தோடு படியேறிப் போய், "அண்ணே, எல்லாருக்கும் பொதுத் தண்ணி, கொஞ்சம் யோசிங்க" என்றார். லாரிக்காரர் யோசிக்கவில்லை, ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். இவர் படியில் உருண்டு வந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. காயில் கட்டுகிற கை!

செய்தி கேட்டு என் தம்பி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்க்கா. நீ தள்ளு, இன்னைக்கே சாமான் செட்டோட அந்தாளைத் தெருவுல இறக்குறேன்" என்று குதித்தான். எனக்கும் மனது குளிர்ந்தது. குளிரக்கூடாதா? ஆனால் கையில் மாவுக்கட்டோடு இவர் போய்ப் படிக்கட்டில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

"அவரை இழுத்துப் போட்டா நானும் அவரும் ஒண்ணுதான் மாப்ளே. மேல போகணும்னா என்னை மிதிச்சிட்டுப் போ."

அக்கா புருஷனை மிதிக்க முடியுமா? தம்பி என்னை முறைத்துவிட்டுப் போனான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து கடையில் நான் உட்கார்ந்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இறுக்கிச் சுத்து, இந்தப் பல்லு இடுக்குல விடு, கம்பி உரசக்கூடாது" என்று சொல்லச் சொல்ல, நான் சுற்றினேன். செம்புக் கம்பி விரலை அறுத்தது. உலகத்துக்கே நியாயம் செய்யக் கிளம்பியவர் வீட்டில் என் விரல்தான் கிழிந்தது.

மொட்டை மாடியில் கூட்டம் கூடியது. லாரிக்காரரை வெளியே அனுப்புவதா, இருக்க விடுவதா? அவர் தரையைப் பார்த்தபடி, "கோவத்துல தள்ளிட்டேன், இனிமே லாரிய லாரி ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவிக்கிறேன்" என்றார். தையல்காரர்கூட, "அடியாத மாடு படியாதும்பாங்க, சரி, இவர் ஒத்துக்கிட்டாரே, போகட்டும்" என்றார். ஒவ்வொருவராகச் சரி சொன்னார்கள். என் முறை வந்தது.

"முடியாது" என்றேன்.

எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேக்க மாட்டாங்களா?" என்று தையல்காரர் கேட்டார். இவரோ, "அது அவ வார்த்தை. நான் சொல்ல முடியாது. அடுத்த வாரம் உக்காருவோம்" என்று எழுந்துவிட்டார். அடுத்த வாரமும் நான் முடியாது என்றேன். அதற்கடுத்த வாரமும். படிக்கட்டில் என்னைக் கண்டால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நல்ல மனுஷனுக்கு வாய்த்த கல்நெஞ்சக்காரி என்று பேச்சு. வீட்டில் இவராவது திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு ஆறிப்போகலாம். அதையும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "கம்பி தளருது பாரு" என்றார்.

ஒரு மத்தியானம், இவர் டாக்டரிடம் போயிருந்தபோது, லாரிக்காரர் மனைவி கடைக்கு வந்தாள். தையல்காரரிடம் சட்டைகள் வாங்கிப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறவள். இடுப்பில் துணி மூட்டை. வந்துவிட்டாளா கெஞ்ச என்று நான் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"அக்கா, இந்த வாரமும் முடியாதுன்னே சொல்லுங்க" என்றாள்.

கம்பி என் கையிலிருந்து நழுவியது. "என்னடி சொல்ற?"

"இது முடியாமக் கெடக்குற வரைக்கும் அவரு கை சும்மா இருக்குக்கா. எல்லாரும் தன்னையே பாக்குறாங்கன்னு பயம். நீங்க சரின்னு சொன்னா அன்னைக்கே பழையபடி ஆரம்பிச்சிருவாரு." சேலைத் தலைப்பைச் சற்று விலக்கித் தோளைக் காட்டினாள். பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்த பழைய காயம். மூன்றாம் மாடியில் பாத்திரம் விழுகிறது என்று கட்டடமே நினைத்துக்கொண்டிருந்த சத்தம் எனக்கு ஞாபகம் வந்தது.

"பாவி! இதை நீயே அன்னைக்கு மேல சொல்லியிருக்கலாமே?"

"என்னை யாருக்கா கேட்டாங்க?"

உண்மைதான். அன்றைக்கு அவள் முறை வந்தபோது, லாரிக்காரர்தான், "எங்க வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டாரைக் கேட்கப் போனவர், வேறு யார், என் வீட்டு மகாராஜாதான்.

"மறுபடி கேட்டா சொல்லுவியா?" என்றேன். ரொம்ப நேரம் மூட்டையின் முடிச்சைத் திருகிக்கொண்டிருந்தாள். "நீங்க பக்கத்துல உக்காந்தா சொல்றேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "லத்தி இல்லாத ராஜ்ஜியம்! யார் மேலயும் கை வைக்காத ராஜ்ஜியம்! அது மொட்டை மாடியில ஆரம்பிச்சு, படியெல்லாம் இறங்கி வந்து, எங்க நின்னுபோச்சு தெரியுமா? வீட்டு வாசப்படியில. உள்ள ஒருத்தி அடிவாங்கிட்டு இருக்கா, நீங்க வெளிய நின்னு எல்லாரையும் கேட்டாச்சாங்குறீங்க!" என்று கத்தினேன். இவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடவும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீடாகக் கேட்டு முடித்ததும் இவர் எழுந்தார். "எல்லாரையும் கேட்டாச்சா?" என்றவர், தானே, "இல்ல" என்றார். "ஒருத்தரை நான் கேக்கவே இல்ல. அது என் தப்பு."

லாரிக்காரர், "எங்க வீட்டுக்கு நான் சொல்லிட்டேனே" என்றார்.

"உங்களைக் கேட்டாச்சு. நீங்க சொல்லுங்கம்மா."

அவள் எழுந்திருக்கவில்லை. குனிந்தபடி, "எனக்குச் சம்மதமில்ல" என்றாள்.

"என்னடி?" என்று பாய்ந்து வந்தார் லாரிக்காரர். கை மேலே போயே போய்விட்டது. யாரும் அவரைப் பிடிக்கவில்லை. நான் அவள் தோளோடு தோளாக நெருங்கினேன். இத்தனை நாள் எனக்கு முகத்தைத் திருப்பிய பெண்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்து வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு என் வீட்டுக்காரரும் வந்து முன்னால் உட்கார்ந்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவள் நிமிர்ந்து அந்தக் கையைக் காட்டினாள். "இந்தக் கைதான். வெளிய ஒருத்தரை அடிச்சா இத்தனை கூட்டம் போடுறீங்க. வீட்டுக்குள்ள அடிச்சா யாரு கூட்டம் போடுறது?"

கை மெல்ல இறங்கியது.

"அவரு கட்டடத்துல இருக்கட்டும். ஆனா வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கணும். உள்ள எப்ப வரலாம்னு நான் சொல்றேன். அதுக்கு அவரு சரின்னா எனக்கும் சரி" என்றாள்.

"எனக்கும் சரி" என்றேன். வரிசையாக எல்லாரும் சொன்னார்கள். மிச்சம் லாரிக்காரர் ஒருவர்தான். முறைத்தார், துண்டை உதறினார், பதில் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு லாரியிலேயே படுத்துக்கொண்டார். காலையில் தையல்காரர் மோட்டார் போடப் போனபோது, படிக்கட்டு ஆணியில் மோட்டார் ரூம் சாவியோடு இன்னொரு சாவியும் தொங்கியது. அவள் இறங்கி வந்து அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். லாரிக்காரர் இன்னும் லாரியில்தான் படுக்கிறார். கேட்டால், "அவ இன்னும் சொல்லல" என்கிறார்.

இவருக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. பிரித்த அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கிழிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தச் சாவி, கூட்டம், ஓசி வேலை, இதெல்லாம் உனக்குச் சம்மதமான்னு உன்னை நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"இப்பக் கேக்குறேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து! ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. ஒருத்தர் சொல்லாவிட்டாலும் முடிவு கிடையாது என்பது அவர் போட்ட சட்டம்தானே, காத்திருக்கட்டும்.