லயக் கமிட்டிக்கு அம்மா நின்றது

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தோம். குழாயில் தண்ணீர் வந்தால் வரும். வராத நாட்களில் பெண்கள் கால்வாயில் மொண்டு வந்து காய்ச்சுவார்கள். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டுப் பேரக்குழந்தைக்கு வாந்திபேதி கண்டது. கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனது. அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த பிள்ளை. மண்டோரே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்.

லயத்துக் குறைகளை மேனேஜரிடம் சொல்லவேண்டிய லயக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். வருடாவருடம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் நடக்கும். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அவர் பெயரைச் சொல்வார், எல்லாரும் கை தூக்குவார்கள், சிரப் தண்ணீர் குடித்துவிட்டுக் கலைவார்கள். மண்டோர் கெட்டவரில்லை. செம்பனைக் காட்டில் அவர் போடும் சத்தம் லயம்வரை கேட்கும். மேனேஜர் முன்னால் மட்டும் அவருக்குக் குரல் எழும்பாது.

அந்த வருடம் வேறு யாரையாவது நிற்கவைக்க வேண்டும் என்று அம்மா வீடு வீடாகப் போனார். நானும் கூடவே போனேன்.

“எனக்கு எதுக்கு லா வம்பு? நாளைக்கே லோரிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க” என்றார் லோரிக்காரர். “நீங்க யாரையாச்சும் நிறுத்துங்க, நான் கை தூக்கறேன்.”

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே பதில்தான். கை தூக்க லயமே தயாராக இருந்தது, நிற்கத்தான் ஆளில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மண்டோரின் மருமகள் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். குழந்தையைப் பறிகொடுத்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

“நீங்களே நில்லுங்கக்கா” என்றார் அம்மாவிடம்.

“ஒம் மாமனார எதுத்தா?”

“அவர எதுத்து இல்ல. தண்ணிக்காக நில்லுங்க.”

மறுநாள் கிராணி சிரித்துக்கொண்டே, “வேற யாராச்சும் நிக்கறீங்களா?” என்று கேட்டார். அம்மா எழுந்து, “நான் நிக்கறேங்க” என்றார். பக்கத்தில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“சரி, இந்தம்மாவுக்கு யாரு கை தூக்கறீங்க?”

ஒரு கைகூட எழவில்லை. மண்டோர் முன்வரிசை நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். லோரிக்காரர் தன் சிலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அக்காவின் கை உயர்ந்தது. அவருடைய கணவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கை இறங்கியது, மறுபடி உயர்ந்தது. மண்டோர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினார், பிறகு இன்னொருத்தர், அப்புறம் லோரிக்காரர். கடைசியில் அப்பாவும் தூக்கினார். மண்டோர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

அம்மா பலமுறை ஆபீசுக்கு நடந்தபின், சில மாதங்களில் லயத்துக்குப் புதுக்குழாய் வந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, கூட்டம் முடிந்த மறுவாரம், அக்கா தோட்டத்து முகப்பில் பையோடு பஸ்ஸுக்கு நின்றார். கூட்டிப்போக ஜெரத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். மண்டோர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அம்மா அக்காவின் கைகளைப் பிடித்தவர் விடவே இல்லை.

“நான் வந்து ஒம் மாமியார்கிட்ட பேசறேன்.”

“வேணாங்கக்கா. நீங்க தண்ணியப் பாருங்க.”

“அக்கா, எப்ப திரும்பி வருவீங்க?” என்று கேட்டேன். அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

பஸ் மறையும்வரை கையை ஆட்டினேன். ஜெரத்தில் கடல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாமும் ஒருநாள் போகலாமா என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா முன்னால் நடந்தார். பள்ளிக்கூடமும் இல்லை, வேலையும் இல்லை, ஜன்னலோரமாக இடம் வேறு கிடைத்துவிட்டது. அக்கா கொடுத்துவைத்தவர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.