சம்பளத்துக்குக் கோபப்படும் சித்தி

சித்திக்கு உத்தியோகம் கோபப்படுவது. சிரிக்க வேண்டாம், சத்தியமாக அதற்குத்தான் சம்பளம்.

வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனிகளுக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் அலுவலகம் அது. புகார் கேட்கும் மேஜைக்கு வேலை தேடி வருகிறவர்களை ஓர் அறையில் உட்காரவைப்பார்கள். சித்தி கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாள். "வாங்கி ஒரு மாசம் ஆகல, வாஷிங் மெஷின் வீடு பூரா தண்ணியக் கக்குது!" என்று கத்துவாள். எதிரே இருப்பவருக்கு எவ்வளவு பொறுமை, எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதையெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டாக்டரம்மா கவனித்து மதிப்பெண் போடுவார். மருந்து எழுதாத டாக்டர். மனசைப் பற்றிப் படித்தவர். மெஷின்தான் பொய். சித்தி வீட்டில் இன்றுவரை கைத்துவையல்தான்.

இந்த வேலைக்குச் சித்தி விண்ணப்பமே போடவில்லை. அக்கா மகள் தேர்வுக்குப் போனபோது துணைக்குப் போனாள். காத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்து சித்தப்பாவை போனில் பிடிபிடியென்று பிடித்தாள். சித்தப்பா பூட்டு ரிப்பேர்காரர். ஊரில் எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார். குளித்த துண்டைக் கொடியில் போடும் வித்தை மட்டும் அவருக்குக் கைவரவில்லை.

"எத்தனை தடவை சொல்றது? ஈரத்துண்ட மெத்தை மேல போடாதீங்கன்னு! அதுவும் நான் படுக்கிற பக்கமா பாத்து!"

டாக்டரம்மா அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா மகளுக்கு வேலை கிடைக்கவில்லை, சித்திக்குக் கிடைத்தது. அந்த வீட்டோடு இன்னும் பேச்சு கொஞ்சம் முறுக்காகத்தான் இருக்கிறது.

ஆனால் உள்ளே போனதும் சித்தியின் குட்டு வெளிப்பட்டுவிட்டது. கட்டினவரிடம் புலி, ஊரார் பிள்ளையிடம் பஞ்சு. கத்திக்கொண்டே போவாள், எதிரே ஒரு பிள்ளை எச்சில் விழுங்கினால் போதும், குரல் இறங்கிவிடும். "சரி விடுப்பா, மெஷின்னா ரிப்பேர் ஆகத்தான் செய்யும்" என்பாள். ஒருமுறை கண் கலங்கிய பெண்ணிடம், "காலையில ஏதாச்சும் சாப்டியா?" என்று கேட்டேவிட்டாள். அப்புறம் யார் புகார் சொன்னது, யார் ஆறுதல் சொன்னது என்று தெரியவில்லை.

ஒரு நாள் டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "நீங்க வந்ததுலேர்ந்து எல்லாருமே பாஸும்மா."

"நல்ல பிள்ளைங்க மேடம்."

"நல்ல பிள்ளைங்கதான். உங்ககிட்ட சாப்டியான்னு கேள்வி வாங்கிச்சே ஒரு பொண்ணு, நிஜ மேஜைல மொத ஆள் கத்தினதுமே பைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. எங்க தடுமாறுதுன்னு இங்கயே தெரிஞ்சிருந்தா, பயிற்சி குடுத்து அனுப்பியிருப்பேன். நீங்க தடுமாறவே விடலியே!"

சித்திக்கு நெஞ்சில் முள் தைத்தது போலாயிற்று.

"அன்னிக்கு போன்ல ஒரு அம்மா கத்தினாங்களே, அவங்கதான் எனக்கு வேணும். வர்ற திங்கக்கிழமையும் அவங்க வரலேன்னா, வேற ஆளத்தான் பாக்கணும்."

வீட்டில் சித்தி சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவள் கதவைத் திறந்ததும் ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கும் ஒரே இடம் அந்த அறைதான். அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. சித்தப்பாவை எதிரே உட்காரவைத்துப் பழகினாள். அவர், "சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?" என்றார். மேடம் என்று கேட்டதும் சித்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒத்திகை பாழ்.

திங்கட்கிழமை காலை. கிளம்பும் அவசரத்தில் கைப்பையை எடுக்கக் கட்டிலில் கை வைத்தாள். சொதசொத. சித்தப்பா எப்போதோ தன் பூட்டுக் கடைக்குப் போயிருந்தார். அந்தக் கோபத்தைச் சிந்தாமல் சிதறாமல் பஸ்ஸில் ஏற்றி அலுவலகம் வரை கொண்டுபோனாள் சித்தி.

முதல் ஆள், கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்த ஓர் ஒல்லிப் பையன். பார்த்ததும் பாவமாகத்தான் இருந்தது. சித்தி கண்ணை மூடிக்கொண்டு மெத்தையை நினைத்தாள்.

"வாஷிங் மெஷின் வீடு பூரா தண்ணியக் கக்குது! கேக்க நாதியில்ல! எத்தனை தடவைதான் சொல்றது? ஈரத்துண்ட மெத்தை மேல போடாதன்னா, போடாத!"

சொன்ன பிறகுதான் சித்திக்கு உறைத்தது. போச்சு, வேலை போச்சு.

பையன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். எச்சில் விழுங்கினான். சித்தி குரலை இறக்கவில்லை, முறைத்தபடியே நின்றாள்.

"மேடம்... மெஷின் எங்க பொறுப்பு, இன்னிக்கே ஆள் அனுப்பறேன். துண்டு எங்க கையில இல்ல. ஆனா சொல்லுங்க, நான் கேக்கறேன்."

சித்தி சொன்னாள். கல்யாணமான புதிதிலிருந்து சொன்னாள். நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை பையன் குறுக்கே பேசவில்லை.

வெளியே வந்தால் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்துச் சிரித்து. "மன்னிச்சிடுங்க மேடம், வீட்டு ஞாபகத்துல..." என்றாள் சித்தி.

"மன்னிப்பா? இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் ஒருத்தரை முழுசா அளந்திருக்கேன். ஆனா ஒரு ஆளுக்கு ஒரு பரீட்சை, இன்னொரு ஆளுக்கு வேற பரீட்சைன்னு வைக்க முடியாது. இனிமே எல்லாருக்கும் துண்டு உண்டு."

அன்று வந்த அத்தனை பேரும் துண்டுக் கதை கேட்டார்கள். இருவர் தேறினார்கள், சிலருக்குப் பயிற்சி எழுதப்பட்டது, ஒருவர் சித்தியையே திருப்பித் திட்டினார். சித்தி யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, கடித்துக்கொண்டாள். மணி அடித்த பிறகு மட்டும், போகிறவர்களிடம் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டினாள்.

சாயங்காலம் சித்தப்பா எல்லாவற்றையும் வாயைப் பிளந்து கேட்டார். "அப்ப உன் வேலையக் காப்பாத்தினது என் துண்டா?"

"பெருமை வேறயா? போய்க் கொடில போடுங்க!"

போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக. சித்திக்கே திக்கென்றது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் துண்டு கொடியில் ஒழுங்காகத் தொங்குகிறது. வேலை நாளில் மட்டும் மெத்தையில், அதுவும் சித்தி படுக்கும் பக்கம், நன்றாக நனைத்து, சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டிருக்கிறது. சித்திக்கு இது புரியாமல் இல்லை. புரிந்தும் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறாள். சித்தப்பா வாசலில் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"சரி சரி, சூடு ஆறுறதுக்குள்ள பஸ்ஸப் புடி."