ஆயுத பூஜை போட்ட துப்பாக்கியும் எங்கள் மேனேஜரும்

இன்று ஆபீஸ் ஆட்களோடு செங்கம் ரோட்டில் பெயின்ட்பால் விளையாடப் போயிருந்தேன். பெயின்ட் உருண்டையால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு.

நேற்று ஆயுத பூஜை. துப்பாக்கிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார்கள். எங்கள் மேனேஜர் எடுத்த துப்பாக்கியில் டிரிக்கர் அசையவே இல்லை.

"ரொம்ப டைட்டு. இவனுங்களுக்கு செட் பண்ணத் தெரியல," என்று மைதானத்துக்காரரிடம் ஸ்க்ரூ திருகும் ஆலன் கீயை வாங்கி டிரிக்கர் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். அசையவில்லை. இன்னும் தளர்த்தினார்.

"சார், இடுக்குல சந்தனம் காய்ஞ்சிருக்குது பாருங்க," என்றேன்.

"மெக்கானிக்கல் படிச்சது நீயா, நானா?"

அவர்தான். சந்தேகமே இல்லை.

ஸ்க்ரூ முழுக்கத் தளர்ந்த பிறகு, எனக்காக இறங்கி வருவதுபோலச் சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். டிரிக்கரில் விரல் பட்டதுமே உருண்டை பாய்ந்துவிட்டது. எதிரே நின்ற அவருடைய புதுக் காரில், பூஜை மாலைக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவுக்குச் சிவப்புப் பெயின்ட்.

மைதானத்துக்காரர் நிதானமாகப் பார்த்தார். "வண்டிக்கு நேத்து வெச்ச பொட்டு பத்தல போல, சார்."

என் ஸ்கூட்டர் பிரேக்கை நாளைக்கு மேனேஜரே சரிபண்ணித் தருகிறாராம்.

நாளை மறுநாளிலிருந்து எனக்கு யார் லிஃப்ட் தருகிறீர்கள்?