லூர்தம்மா போட்ட கூப்பாடு

என் அண்ணன் எமிலியானுஸின் மனைவி லூர்தம்மாவின் குரலைக் கேட்காத காது எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் இல்லை. கடற்கரையில் பாய் விரித்துக் கருவாடு காயப்போடுகிறவள் அவள். காகமும் பருந்தும் கொக்கும் இவள் எப்போது அந்தப் பக்கம் திரும்புவாள் என்று சுற்றிக் காத்திருக்கும். பாயில் ஒரு சிறகின் நிழல் விழுந்தால் போதும், வலது கை தானாக மேலே போகும். "ஊ...ஓய்!" என்று ஒரு கூப்பாடு கிளம்பும். பறவை ஓடிவிடும், பக்கத்து வளவில் நித்திரை கொள்ளும் பிள்ளையும் எழும்பிவிடும். சின்ன வயதிலிருந்தே செய்கிற வேலை என்பதால் அந்தக் கையும் வாயும் அவளைக் கேட்டு நடப்பதில்லை.

இப்படிப்பட்டவள் பறவைக் கணக்கெடுக்கப் போனாள் என்றால் யார் நம்புவார்கள்? கூடவே போன நானே முதலில் நம்பவில்லை.

எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு தரவை இருக்கிறது. கோடையில் வெடித்துக் கிடக்கும் உவர்நிலம். மாரியில் ஊர் வெள்ளமெல்லாம் போய்த் தங்குவது அங்கேதான். வெளியூர்க்காரர் ஒருவர் அதில் கிரவல் மண் கொட்டி நிரப்பி, லொறிகள் நிறுத்தும் இடமாக்க அரசாங்கத்திடம் அனுமதி கேட்டிருந்தார். அதை நிரப்பினால் வெள்ளம் எங்கள் வீடுகளுக்குள் வரும். தரவையின் ஓரத்தில் இருப்பது லூர்தம்மாவின் வீடு என்பதால் முதலில் அவளுடைய அடுப்பெரியும் குசினிக்குள்தான் வரும். நாங்கள் அதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தோம். "அது வெறும் நிலம்தானே" என்றார்கள்.

மன்னார் டவுனில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஜெயந்தினி ரீச்சர் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களோடு பேச வந்தார். தரவையில் என்னென்ன பறவையும் தவளையும் வாழ்கின்றன என்று மாரி முழுவதும் பார்த்து எழுதிக் கொடுத்தால், அது வெறும் நிலம் என்று ஒருவரும் சொல்ல முடியாது என்றார். சம்பளம் கிடையாது, விடியவே எழும்ப வேண்டும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். கோயில் வாசலில் நின்ற கூட்டம் மெல்ல மெல்லக் கரைந்தது. லூர்தம்மா மட்டும் முன்னுக்குப் போனாள்.

"பறவையை எனக்குத் தெரியாதோ ரீச்சர்? பிறந்ததில இருந்து அதுகளோடதானே சண்டை. என்ர பேரை எழுதுங்கோ. மச்சாளின்ர பேரையும் எழுதுங்கோ."

அந்த மச்சாள் நான்தான். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் நாள் விடியற்காலை உடைமரப் பற்றைக்குப் பின்னால் மூவரும் குந்தியிருந்தோம். தரவைத் தண்ணீரில் உள்ளான் குருவிகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. ரீச்சர் பைனாகுலரைக் கண்ணில் வைத்து எண்ணத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு கொக்கு எங்கள் தலைக்கு மேலால் தாழப் பறந்தது. அதன் நிழல் லூர்தம்மாவின் மடியில் விழுந்தது.

கை போனது. "ஊ...ஓய்!"

முழுத் தரவையும் எழும்பிக் கடல் பக்கமாய்ப் போய்விட்டது. லூர்தம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இனிப் பொத்தி என்ன? ரீச்சர் வெறும் தண்ணீரைப் பைனாகுலரால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை அக்கா, நாளைக்கு எண்ணுவம்" என்றார்.

ரீச்சர் விட்டாலும் ஊர் விடுமா? மத்தியானத்துக்குள் மீன் ஏலம் போடும் இடம் வரைக்கும் கதை போய்விட்டது. அண்ணன் சோற்றுக் கோப்பையோடு வந்து நின்று கேட்டான். "உன்னை அனுப்பினது அந்த லொறிக்காரன்தானோ?"

மற்ற நாளென்றால் அவனுக்கு நல்ல மறுமொழி கிடைத்திருக்கும். அன்று அவள் முகம் சுருங்கிப் போனது. "இனி அந்தத் தரவையில நான் கத்தினால் என்ர பேர் லூர்தம்மா இல்லை" என்றாள்.

அவள் அதைக் காப்பாற்றினாள். மாரி முழுவதும் வலது கையை இடது கக்கத்துக்குள் செருகிக்கொண்டுதான் தரவைக்கு வந்தாள். எத்தனை நிழல் விழுந்தும் அந்தக் கை வெளியே வரவில்லை. தோள் மட்டும் ஒருமுறை துடிக்கும். எனக்குச் சிரிப்பு வரும், பாவமாகவும் இருக்கும்.

வாடைக்காற்றோடு மழை வலுத்ததும் தவளைகளுக்காக இருட்டிக்கொண்டு வரும் மைமல் பொழுதிலும் போனோம். அவற்றைக் கண்ணால் தேடுவதை விடக் காதால் பிடிப்பது லேசு என்றார் ரீச்சர். ஆனால் ஆள் பேச்சுக் கேட்டால் எல்லாம் கப்சிப். ஆகவே லூர்தம்மா பேசாமல் இருக்கப் பழகினாள். கல்யாணம் முடித்த நாள் தொடக்கம் அண்ணன் காணாத அமைதி அது. "உந்த ரீச்சருக்கு நான் ஒரு பாரை மீன் குடுக்கவேணும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஒருநாள் டோர்ச் வெளிச்சத்தில் பெருவிரல் அளவில் ஒரு தவளையைக் கண்டோம். தொண்டை பலூனாய் ஊத, காது அடைக்கிற சத்தம் போட்டது. லூர்தம்மா என் காதுக்குள் சொன்னாள். "பாரடி, என்னைப்போல. வாய் மட்டும்தான்."

அன்றிலிருந்து அவளுக்கு அது கூட்டுக்காரி. குசினி வெள்ளத்துக்காகப் போனவள், பிறகு தவளைக்காகவும் போனாள். சம்புப் புல்லுக்குள் பகலெல்லாம் படுத்திருக்கும் வாத்துகளையும், மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும் சின்னக் குருவிகளையும் என்னைவிட முதலில் கண்டுபிடித்தாள். மாரி முடிய ரீச்சர் எல்லாவற்றையும் தொகுத்து அரசாங்கத்துக்கு அனுப்பினார்.

அதைப் பார்த்துவிட்டு ஒரு அதிகாரி நேரில் வந்தார். வந்த நேரம் நல்ல உச்சி வெயில். குடையைப் பிடித்துக்கொண்டு தரவையின் விளிம்பில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தூரத்தில் ஒரு கொக்கு நின்றது, வேறொன்றும் தெரியவில்லை.

"ரிப்போர்ட்டில இவ்வளவு எழுதியிருக்கிறியள். இங்க ஒண்டையும் காணேல்லையே?"

"வெயிலுக்குப் படுத்திருக்கும் ஐயா. காலமை வந்தால் பாக்கலாம்" என்றார் ரீச்சர்.

"எனக்கு இண்டைக்கே திரும்பவேணும். நான் கண்டதைத்தானே நான் எழுதலாம்."

கெட்ட மனிதர் இல்லை, உள்ளதைத்தான் சொன்னார். ஒரு மாரி முழுக்க நனைந்தது, குந்தியிருந்தது, வாயை மூடியிருந்தது எல்லாம் ஒரு மத்தியான வெயிலில் போகப்போகிறது. லூர்தம்மா ரீச்சரைப் பார்த்தாள். பறவைகளைக் கலைக்கக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்தவர் ரீச்சர். அவர் தரவையைப் பார்த்தார், அதிகாரியின் வாகனத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒருக்கா மட்டும், அக்கா" என்றார்.

மாரி முழுவதும் கக்கத்துக்குள் கிடந்த கை மேலே போனது.

"ஊ...ஓய்!"

சம்பு வெடித்தது போல் வாத்துகள் கிளம்பின. வெறும் மண் என்று கிடந்த இடமெல்லாம் சிறகு முளைத்து எழும்பியது. தூரக் கரையில் கானலுக்குள் தெரியாமல் நின்ற பூநாரைகளும் கழுத்தை நீட்டிக்கொண்டு எழும்ப, எங்கள் தலைக்கு மேல் வெயில் மறைந்தது. அதிகாரி குடையை மடக்கிவிட்டு வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றார். மார்பு விம்ம நின்றேன் நான். அவள் என் மச்சாள் என்று அந்த நேரம் ரோட்டில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"இதை நிரப்ப விடேலாது" என்றார் அவர். "அப்பிடியே எழுதப்போறன்." பிறகு லூர்தம்மாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்கட பேர் என்ன? அதையும் எழுதவேணும்."

அவள் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அதே வலது கையை அவருக்கு முன்னால் நீட்டித் தடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்றாள், தவளைகளுக்குக் கேட்காமல் பேசும் அந்தச் சின்னக் குரலில். "எண்ணிக்கொண்டிருக்கிறன்."