கட்டில் போன இடம்

மேஜைக்கு அடியிலிருந்த தகரத் தொட்டியில் கோகிலா ஏழாவது குடத்தைக் கவிழ்த்தாள். இரும்பு வெட்டும்போது தெறிக்கிற பொறி இந்தத் தண்ணீரில் விழுந்து அவிய வேண்டும். இல்லாவிட்டால் மூலையில் சுருட்டிய பாயில் விழும்.

"மாட்டுக்கு ஊத்துனா அதாச்சும் குடிக்கும்" என்றாள்.

கணினிமுன் உட்கார்ந்திருந்த அவள் கணவன் முருகானந்தத்துக்கு அது கேட்கவில்லை. வாழவந்தி நாடு என்ற மலையூரில் பஸ் நிற்கிற இடத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். எட்டாவது வரை படித்தவன். ஈராயிரத்து ஐந்தில் கோயமுத்தூருக்கு உதிரிபாகம் வாங்கப் போனபோது, ஒரு பட்டறையில் கணினி சொன்னபடி நெருப்பு முனை தானாக நகர்ந்து இரும்புத் தகட்டை வெட்டுவதைப் பார்த்துவிட்டான். வெட்ட வேண்டிய ஆள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தானாம். அந்த டீதான் இவனைக் கெடுத்தது என்பது கோகிலாவின் கணிப்பு.

அந்த மெஷினைத் தானே செய்வது என்று முடிவெடுத்தான். உயிர்விட்ட ஜெராக்ஸ் மெஷின்களின் மோட்டார்கள் சேலத்திலிருந்தும், மூடிப்போன பிரவுசிங் சென்டரின் கணினி ராசிபுரத்திலிருந்தும் பஸ் கூரையில் மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வந்தன. பிளாஸ்மா கட்டர் என்கிற வெட்டும் பெட்டி மட்டும் மடியில் உட்கார்ந்து வந்தது. கோணாத இரும்புச் சட்டம்தான் எங்கும் அமையவில்லை. கடைசியில் வீட்டிலேயே அமைந்தது, கோகிலாவின் கட்டிலில். வளப்பூர் நாட்டிலிருந்து அவள் அண்ணன் அண்ணாமலை கல்யாணச் சீராகக் கொண்டுவந்த கட்டில் அது.

"மொதல் வேலையே உன் கட்டில்தான். தலைமாட்டுல உன் பேரையே வெட்டித் தாரேன்" என்று சொல்லி அதைப் பிரித்தான். மழைக்குப் பட்டறை ஒழுகியதால், கட்டில் கிடந்த அறையில், அது கிடந்த இடத்திலேயே மேஜையைப் பூட்டினான். மேஜைக்காலாகிவிட்ட கட்டில் கால்களில் தாமரைப் பூ அப்படியே இருந்தது. கோகிலா பதினான்கு மாதமாக ஈரத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள். இன்றைக்கு அண்ணன் வருகிறான். தலைமாடாவது முடிந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

செம்மேட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில், 'கோகிலா' என்று தமிழில் அடித்துப் பிளாப்பியில் வாங்கி வந்திருந்தான். அந்தக் கடையின் தமிழ் ஃபான்ட் இந்தக் கணினியில் கிடையாது. திறந்ததும் திரையில் ஏழு இங்கிலீஷ் எழுத்து நின்றது.

"என் பேரு எங்கீங்க?"

"மெஷினுக்குக் குடுக்கற கட்டளையே இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும்தான் புள்ள. அதை வச்சே வட்டமா வெட்டலையா? இதுவும் வெட்டறப்போ தமிழாயிடும்."

அண்ணாமலை வந்து நிற்கவும் மெஷின் சீறவும் சரியாக இருந்தது. பல்பு மங்கியது. அதிசயமாகக் கணினி அணையவில்லை. இருபது நிமிடத்தில் தகடு தயாரானது. முருகானந்தம் குறட்டால் பிடித்து நிமிர்த்தினான். தமிழாகவில்லை.

அண்ணாமலை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினான். "என்... எஃப்... எச்... எஃப்... பி... ஒய்... எச். ஏங்கண்ணு, இத்தனை பட்டம் எப்ப வாங்குன?"

"பதினாலு மாசம் பாயில கெடந்து வாங்குனதுங்ண்ணா."

அண்ணாமலை குனிந்து மேஜையின் காலைப் பார்த்தான். தாமரையை விரலால் தடவினான். "இதை எங்கியோ பாத்தாப்புல இருக்குதே."

அப்போது மோட்டார் ஒன்று தானாக அரை அங்குலம் நகர்ந்து நின்றது. அண்ணாமலை கட்டிலை மறந்துவிட்டான்.

"யாரும் தொடாமயே நவுருது" என்றான். "மாப்ள, எங்கூட்டு கேட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுங்க."

"அது அவ பேருங்க மச்சான்."

"யாரு பேரா இருந்தா என்ன? எங்கூருல யாரு படிக்கப் போறாங்க? பாக்க ஆபீசு மாதிரி இருக்குது."

பதினான்கு மாதத்தில் மெஷினுக்கு வந்த முதல் ஆர்டர். முருகானந்தத்துக்குச் சிரிப்பு முகத்தில் கொள்ளவில்லை. மிச்சத் தகட்டை மேஜையில் ஏற்றி, தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"கோகிலா, மச்சானுக்கு ஒண்ணு முடிச்சிட்டா அடுத்தது உன் கட்டில்தான். இன்னும் நாலு குடம் ஊத்தறயா சாமி?"

அவள் காலிக் குடத்தை அண்ணன் கையில் கொடுத்தாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனாள்.